உம்மம்மாவுக்கு ஒரு குளியலறை

வீடு கட்டுகிறவர்கள் முன்கூடத்துக்கு எத்தனை ஜன்னல் வைப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். வாசல் கதவுக்கு வேம்பா, தேக்கா என்று ஊரெல்லாம் விசாரிக்கிறார்கள். குளியலறை மட்டும் கடைசியில், கையில் மிஞ்சிய காசில், அன்றைக்குக் கடையில் கிடைத்த சாமான்களோடு முடிந்துவிடுகிறது. ஆனால் ஒரு பெண் தன் வீட்டில் முழுவதும் தனியாக இருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். வயது போனவர்கள் வழுக்கி விழுவதற்கு வாய்ப்புக் கூடிய இடமும் அதுதான்.

கடந்த வருடம் எங்கள் வீட்டுக் குளியலறைக்குச் சாமான் தெரியும் பொறுப்பு என்னிடம் வந்தது. வாப்பாவுக்குக் கடையை விட்டு அசைய நேரமில்லை. உம்மாவின் தையல் மெசின் பெருநாள் உடுப்புகளால் நிறைந்திருந்தது. “பௌதிகவியல் படிக்கிறவ நீதானே மகள், நீயே பார்த்து எழுது” என்று வாப்பா ஒரு பழைய கணக்குக் கொப்பியைத் தந்தார். சுவர் எழுப்பி, டைல்ஸ் பதித்து, கமோட்டும் கைகழுவும் பேசினும் வைத்தாயிற்று. மிச்சச் சாமான்களுக்கு 40,000 ரூபா. அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை என்று கொப்பியின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தார்.

அந்தக் குளியலறை யாருக்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்ல வேண்டும்.

சோனகத் தெருப் பக்கம் இருக்கும் எங்கள் வீடு உம்மம்மாவின் சீதன வீடு. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மாவுக்கு முப்பத்தெட்டு வயது. உம்மாவுக்குப் பதினொன்று. புத்தளத்தில் முதலில் அகதி முகாம், பிறகு ஓலைக் கொட்டில், அதன் பிறகு ஒரு சிறிய கல்வீடு. யுத்தம் முடிந்து வாப்பா இங்கே திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் இல்லை, கதவு நிலைகளும் இல்லை. அறைக்குள் வேப்பமரம் ஒன்று நின்றதாம். சிறுகச் சிறுகத் திருத்தி நாங்கள் குடிவந்தோம். உம்மம்மா மட்டும் புத்தளத்தில் சாச்சியோடு இருந்துவிட்டார்.

போன வருடத்துக்கு முந்திய வருடம் சாச்சி வீட்டுக் குளியலறையில் அவர் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு பொருந்திவிட்டது. ஆனால் அன்றிலிருந்து அவர் குளிக்கும்போது யாராவது ஒருவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பது வழக்கமாயிற்று. அன்பினால் செய்தார்கள், அவருக்கோ அது பெரிய துன்பம். தொலைபேசியில் உம்மாவிடம் ஒருநாள் சொன்னார்: “முகாமில மலசலகூடத்துக்குக் கதவே இல்ல, சாக்குத்தான். ஒருத்தி உள்ள போனா ஒருத்தி சாக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கணும். சுபஹுக்கு முந்தி இருட்டில போய்க் கிணத்தடியில தண்ணி ஊத்திக்கொண்டு வருவம். அதெல்லாம் முடிஞ்சு போச்சுதெண்டு இருந்தன். இப்ப திரும்பவும் ஆள் பார்க்கக் குளிக்கிறன்.” பிறகு, “கதவைப் பூட்டிக் குளிக்க ஒரு அறை இருக்குதெண்டு சொல்லுங்கோ, நான் அடுத்த பஸ்சில வாறன்” என்றார்.

ஆகவே கொப்பியின் இரண்டாம் பக்கத்தில் நான் எழுதியது சாமான் பட்டியல் அல்ல. மூன்று கேள்விகள். எங்கள் தண்ணீருக்கு எது தாக்குப்பிடிக்கும்? முறிந்த மணிக்கட்டுள்ள எழுபத்திரண்டு வயதுக் கைக்கு எது பொருந்தும்? கதவைப் பூட்டவும் வேண்டும், ஆபத்தென்றால் திறக்கவும் வேண்டும், அதற்கு என்ன வழி?

முதலில் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரியில் மட்டுமே ஓடும். மழைநீர் மண்ணில் இறங்கிச் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளில் தங்குகிறது. அதைத்தான் தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டி எடுத்துவந்திருக்கிறோம். மழை நீர் வளியிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு இறங்கும்போது சுண்ணாம்புக்கல்லையும் சிறிது கரைத்து எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் எங்கள் தண்ணீர் வன்னீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும், சவர்க்காரம் நுரைக்க மறுப்பதும் இதனால்தான். கரையோரப் பகுதிகளில் உவரும் சேர்ந்துவிடுகிறது. எங்கள் கிணற்றுத் தண்ணீர் குளிக்க மட்டும்தான். குடிக்கும் தண்ணீர் வேறாக வருகிறது. 2024இல் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தண்ணீர் தரக்கூடியது என்று சொல்கிறார்கள். இவ்வளவு செலவில் உப்பைப் பிரித்தெடுத்த தண்ணீரைக் குளியலறையில் வீணாக ஓடவிட யாருக்கு மனம் வரும்?

ஆனால் கடைக்குப் போனால் முதலில் கண்ணில் படுவது வீணாக ஓடவிடும் சாமான்தான். ஸ்ரான்லி வீதியில் ஒரு ஹாட்வெயார் கடையின் முன்பக்கச் சுவர் முழுவதும் ஷவர்கள் தொங்கின. நடுவில் தட்டுப்போல அகலமான ஒன்று. மழை ஷவர் என்று பெயர். உம்மா அதன் கீழேயே நின்றுவிட்டார். கொழும்பில் ஒரு கலியாண வீட்டில் அப்படி ஒன்றை அவர் பார்த்திருக்கிறார். “பதினொரு வயசில இருந்து வாளியும் கோப்பையும்தான் மகள். ஒரு நாளாவது மழை மாதிரி...” என்று ஆரம்பித்து, விலைத் துண்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லவில்லை. 14,500 ரூபா.

கடைக்கார அண்ணை நல்ல மனுசர். “தங்கச்சி, உங்கட தாங்கி எவ்வளவு உயரத்தில இருக்கு?” என்று கேட்டார். நான் அளந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன்: நிலத்திலிருந்து நாலரை மீற்றர். ஷவர் வரும் உயரம் இரண்டு மீற்றர். வித்தியாசம் இரண்டரை மீற்றர்தான். சுமார் பத்து மீற்றர் உயர நீர்நிரல் ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தரும் என்று படித்திருக்கிறோம். அப்படியென்றால் எங்கள் ஷவருக்குக் கிடைப்பது அதில் கால் பங்கு. அகலமான ஷவரில் நூற்றுக்கு மேற்பட்ட துளைகள். அந்தக் கால் பங்கு அமுக்கத்தில் வரும் தண்ணீரை நூறு துளைகளுக்குப் பங்கிட்டால் அது மழையாக விழாது. கூரை ஒழுகுவதுபோலச் சொட்டும். அமுக்கத்தைக் கூட்ட ஒரு பம்பு பூட்டலாம். அதற்கு வேறாகக் காசு, பிறகு மாதாமாதம் மின்சாரக் கட்டணம்.

“மேல்மாடித் தாங்கி உள்ள வீட்டுக்கோ பம்பு உள்ள வீட்டுக்கோ இது நல்லா இருக்கும். உங்களுக்குச் சரிவராது” என்று அந்த அண்ணையே சொல்லிவிட்டார். விற்கக்கூடிய சாமானை வேண்டாமென்று சொல்லும் கடையைக் கண்டால் விட்டுவிடாதீர்கள். மிச்சத்தையும் அங்கேயே வாங்குங்கள்.

நாங்கள் எடுத்தது கையில் பிடிக்கும் ஷவர். முகம் சிறியது, துளைகள் குறைவு. அதனால் குறைந்த அமுக்கத்திலும் தண்ணீர் ஓரளவு வேகமாக விழும். தாழப் பிடித்தால் தாங்கிக்கும் ஷவருக்குமான உயரம் கூடி, வேகமும் கூடும். எல்லாவற்றையும்விட, உட்கார்ந்து குளிக்கிறவருக்கு அதுதான் வசதி. ஷவரை மேலும் கீழும் நகர்த்தி நிறுத்தும் கம்பியோடு 6,500 ரூபா. வீட்டில் பூட்டிய பிறகு கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பத்து லீற்றர் வாளி நிரம்ப இரண்டு நிமிடம். நிமிடத்துக்கு ஐந்து லீற்றர். ஐந்து நிமிடக் குளிப்புக்கு 25 லீற்றர். அமெரிக்காவில் 1994 முதல் ஷவர் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 9.5 லீற்றருக்கு மேல் விடக்கூடாதென்று சட்டமே இருக்கிறது. அந்த வேகத்தில் பத்து நிமிடம் குளித்தால் 95 லீற்றர். எங்கள் தாங்கி 500 லீற்றர். வீட்டில் ஐந்து பேர். அவ்வளவுதான் கணக்கு. நபி (ஸல்) அவர்கள் இரு கைகள் சேர்ந்து அள்ளும் அளவான ஒரு ‘முத்து’ தண்ணீரில் வுழூவும், நாலைந்து ‘முத்து’ தண்ணீரில் குளிப்பும் செய்தார்கள் என்று ஹதீஸ்களில் படிக்கிறோம். அதன் பக்கத்தில் எங்கள் 25 லீற்றரே ஆடம்பரம்தான்.

உம்மாவின் மழையை நான் மறக்கவில்லை. மேசனிடம் சொல்லி, சுவரின் உச்சியில் ஒரு குழாய் வாயை வைத்து, மூடி போட்டு அடைத்துவிட்டோம். பிறகு வைப்பதென்றால் டைல்ஸ் உடைக்க வேண்டும்; இப்போது வைத்ததால் ஒரு முழங்கையும் மூடியும்தான் செலவு. அந்த மூடி உம்மாவுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன்.

இரண்டாவது, எதனால் செய்த சாமான் என்பது. கடைச் சுவரில் எல்லாமே ஒரே மாதிரி மினுங்கும். மினுக்கம் வெறும் குரோம் பூச்சு. உள்ளே பித்தளையாகவும் இருக்கலாம், நாகக் கலப்பு உலோகமாகவும் இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம். கையில் எடுத்துப் பார்த்தால் பித்தளை பாரமாக இருக்கும். வாயைத் திருப்பி உட்பக்கம் பூச்சில்லாத புரியைப் பார்த்தால் மஞ்சள் தெரியும். நாளெல்லாம் திறந்து மூடும் குழாய்களுக்கு மட்டும் பித்தளை எடுத்தேன். ஒன்று 3,200 ரூபா, இரண்டு. நல்ல பிளாஸ்டிக்கை நான் குறை சொல்லமாட்டேன். அது துருப்பிடிக்காது, உவருக்கு அசையாது. கை ஷவரின் தலை பிளாஸ்டிக்தான். பாரமில்லாததால் உம்மம்மாவின் கைக்கும் அதுவே நல்லது.

குழாயின் உள்ளே இருக்கும் அடைப்பு இரண்டு வகை. பழைய வகையில் இறப்பர் வாசர். தேய்ந்தால் சில ரூபாவில் நாமே மாற்றலாம். புதிய வகையில் பீங்கான் தட்டுகள். கால் சுற்றில் திறக்கும். முறிந்த மணிக்கட்டுக்கு இறுக்கித் திருகும் குழாயைவிட நெம்புபிடி வைத்த கால் சுற்றுக் குழாய்தான் உதவும். ஆனால் கிணற்று மணல் பீங்கான் தட்டைக் கீறிவிடும். அதற்கும் வழி இருந்தது. தாங்கியிலிருந்து இறங்கும் குழாயில் 650 ரூபாவுக்கு ஒரு சிறிய வலை வடிகட்டி. மாதம் ஒருமுறை தம்பி அதைக் கழற்றிக் கழுவுகிறான். அதில் தங்கும் மணலைப் பார்த்தால் காசு வீண்போகவில்லை என்று தெரியும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சாமான்களில் இன்னும் கவனம் வேண்டும். காந்தம் கொண்டுபோய் ஒட்டிப் பார்க்கச் சொல்வார்கள். ஒட்டினால் பூச்சுப் பூசிய இரும்பாக இருக்கலாம், அது உண்மைதான். ஆனால் ஒட்டாததெல்லாம் நல்லதென்று ஆகிவிடாது. மலிவான 201 வகையும் ஒட்டாது, தரமான 304 வகையும் ஒட்டாது. 304இல் குரோமியம் சுமார் 18 வீதம், நிக்கல் சுமார் 8 வீதம். 201இல் நிக்கல் குறைவு, அதற்குப் பதிலாக மங்கனீசு. கடற்காற்றிலுள்ள உப்பு மலிவான வகையில் சீக்கிரம் புள்ளி புள்ளியாகத் துருவை உண்டாக்கும். குடாநாட்டில் கடற்காற்று படாத வீடு எது? எனவே பொருளில் 304 என்று பொறித்திருக்கிறதா என்று பார்த்தேன். உடல் பாரத்தைத் தாங்கும் சாமானுக்கு அந்தக் கூடுதல் விலையைக் கொடுத்தேன். உடுப்புக் கொழுவிக்கும் மூலைத் தட்டுக்கும் பிளாஸ்டிக் போதும் என்று விட்டுவிட்டேன்.

சுண்ணாம்புப் படிவுக்கு விலைகொடுத்து அமிலம் வாங்கத் தேவையில்லை. கல்சியம் காபனேற்றை வினாகிரியும் கரைக்கும், தேசிக்காய்ச் சாறும் கரைக்கும். நுரைத்து வருவது காபனீரொட்சைட்டு. நாங்கள் வினாகிரியில் நனைத்த துணியை ஷவர் தலையில் சுற்றி அரை மணித்தியாலம் விட்டு, பிறகு கழுவுகிறோம். நெடுநேரம் ஊறவிட்டால் குரோம் பூச்சு மங்கும். துளைகளில் மென்மையான இறப்பர் முனை வைத்த ஷவர் என்றால் பெருவிரலால் தேய்த்தாலே படிவு உதிரும். வாங்கும்போதே அதைப் பார்த்து வாங்குங்கள். கடையில் விற்கும் வலுவான அமிலக் கழுவியையும் வெளிற்றும் திரவத்தையும் ஒருபோதும் சேர்த்து ஊற்றாதீர்கள். மூச்சை அடைக்கும் குளோரீன் வாயு கிளம்பும். காற்றோட்டம் குறைந்த சிறிய அறையில் அது உயிராபத்து.

மூன்றாவது, பிடித்துக்கொள்ளும் கம்பி. பல வீடுகளில் துவாய்க் கம்பியையே வயதானவர்கள் பிடித்து எழும்புகிறார்கள். அது துவாயின் பாரத்துக்கு மட்டும் செய்தது. ஆள் தொங்கினால் ஆணியோடு கையில் வரும். உறிஞ்சி ஒட்டும் இறப்பர்ப் பிடிகளும் விற்கிறார்கள். டைல்ஸில் ஈரமோ சொரசொரப்போ இருந்தால் சொல்லாமல் கழன்றுவிடும். அதை நம்பிப் பாரத்தைக் கொடுக்கவே கூடாது. அமெரிக்காவில் மாற்றுத்திறனாளிகளுக்கான விதிகளின்படி பிடிகம்பி 250 இறாத்தல் விசையைத் தாங்க வேண்டும்; தரையிலிருந்து 33 முதல் 36 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும். எங்கள் சுவர் கெட்டியான சீமெந்துக் கல். மேசன் டைல்ஸுக்கு அப்பால் கல்வரை துளைத்து, நீண்ட விரிவாணி அடித்து இறுக்கினார். பிறகு வாப்பா தன் முழுப் பாரத்தையும் கொடுத்து இழுத்துப் பார்த்தார்.

உயரத்தைப் புத்தகத்திலிருந்து மட்டும் எடுக்கவில்லை. சாச்சியிடம் சொல்லி, உம்மம்மாவை நேராக நிற்கவைத்து, தரையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், கதிரையில் இருந்து எழும்பும்போது கை தேடிப்போகும் இடம் வரைக்கும் அளந்து அனுப்பச் சொன்னேன். உம்மம்மா சிறிய உருவம். முதல் அளவு 28 அங்குலம் வந்தது. கமோட்டின் பக்கத்தில் ஒரு கம்பியை அந்தக் கைக்கு ஏற்றபடி சரித்துப் பூட்டினோம்; ஷவர் பக்கத்தில் ஒன்று. இரண்டும் 7,600 ரூபா. என் பட்டியலில் அதிக காசு போனது அதற்குத்தான். அதைக் குறைக்கச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

எங்கள் வீடுகளுக்கென்று உள்ள தேவைகளும் இருக்கின்றன. விற்பனைப் படங்களில் அவற்றைக் காணமுடியாது. கிப்லா எங்களுக்கு மேற்குப் பக்கம் என்பதால் கமோட்டை வடக்குத் தெற்காக வைக்கும்படி முதலிலேயே மேசனிடம் சொல்லியிருந்தோம். சுத்தம் செய்யும் கைக்குழாய்க்கு 2,300. வுழூவுக்குப் பேசினில் காலைத் தூக்கி வைப்பது இளம் பிள்ளைகளுக்கே ஆபத்து. எழுபத்திரண்டு வயதில் ஒற்றைக் காலில் ஈரத் தரையில் நிற்பதை நினைத்துப் பாருங்கள். குளியலறைக்கு வெளியே, பின்விறாந்தையில், கதிரை உயரத்தில் ஒரு சீமெந்துத் திட்டுக் கட்டி, அதன் முன்னால் முழங்கால் மட்டத்தில் இரண்டாவது பித்தளைக் குழாயைப் பூட்டினோம். உட்கார்ந்தபடியே கால் கழுவலாம். மிஞ்சிய சீமெந்தில் கட்டியதால் தனிச் செலவு இல்லை. குளிக்கும் தண்ணீரும் வுழூத் தண்ணீரும் மலக்குழிக்குப் போகாமல் தனிக் குழாயில் வாழையடிக்குப் போகின்றன. கிணற்றடியில் குளித்த காலத்தில் வாழைக்கும் தென்னைக்கும் தண்ணீர் இப்படித்தான் போனது. நாங்கள் அதைக் குழாய்க்குள் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இனித் தாழ்ப்பாள். வீட்டில் உண்மையான வாக்குவாதம் நடந்தது இதில்தான். “பூட்டு வேண்டாம், கதவைச் சாத்தினாப் போதும். உள்ள விழுந்தா என்ன செய்யிறது?” என்றார் உம்மா. விழுந்த செய்தி கேட்டு இரவிரவாகப் புத்தளத்துக்குப் பஸ்ஸில் போனவர் அவர். அந்தப் பயத்தில் நியாயம் உண்டு. ஆனால் உம்மம்மா இந்த வீட்டுக்கு வருவதற்குக் கேட்டது அந்தப் பூட்டை மட்டும்தான். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அதே கடையில், உள்ளே குமிழை அழுத்திப் பூட்டக்கூடிய, வெளிப்பக்கத்தில் சிறிய வெட்டுள்ள ஒரு பூட்டைக் கண்டேன். அவசரமென்றால் அந்த வெட்டில் ஒரு நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும். 2,800 ரூபா. கதவை வெளிப்பக்கமாகத் திறக்கும்படி மாற்றிப் பூட்டினோம். உள்ளே ஒருவர் கதவோரம் விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடம்பே தடுத்துவிடும். கதவு நிலைக்கு மேல் ஓர் ஐந்து ரூபாக் குற்றியை வைத்தோம். அது எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அல்ஹம்துலில்லாஹ், இன்றுவரை யாரும் அதை எடுக்க நேரவில்லை.

கணக்கைப் பெற்றோருக்காகவும் எழுதிவிடுகிறேன். ஷவர் 6,500, குழாய்கள் 6,400, பிடிகம்பிகள் 7,600, கைக்குழாய் 2,300, பூட்டு 2,800, வடிகட்டி 650, தரை வடிகால் மூடி 1,200, அடைப்புத் திருகிகள் இரண்டு 1,900, கொழுவிகள் மூன்று 1,050, மூலைத் தட்டு 1,400, இருந்து குளிக்க இறப்பர்க் கால் வைத்த கெட்டிக் கதிரை 2,600, கண்ணாடி 2,400. மொத்தம் 36,800. மிஞ்சிய 3,200 ரூபாவில் பிளம்பரின் சில்லறைச் சாமான்கள் முடிந்தன. 2022இல் ரூபா சரிந்ததிலிருந்தும், 2024 தையில் வற் வரி 18 வீதமானதிலிருந்தும் விலைகள் எங்கே நிற்குமென்று சொல்லமுடியாது. நீங்கள் வாங்கும் நாளில் இந்த எண்கள் மாறியிருக்கும். ஆனால் எதற்குக் கூடக் கொடுப்பது, எதற்குக் குறைப்பது என்ற வரிசை மாறாது.

உம்மம்மா மாசி மாதம் வந்தார். பெட்டியை இறக்குமுன் குளியலறையைத்தான் பார்த்தார். கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஷவரை, “இது என்ன டெலிபோன் மாதிரி?” என்று கேட்டார். பிறகு எங்களை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பூட்டு விழும் சத்தம் கேட்டது. உம்மா கொஞ்ச நேரம் கதவடியில் நின்றார். உள்ளே தண்ணீர் விழத் தொடங்கியதும் அடுப்படிக்குப் போய்விட்டார். அரை மணித்தியாலத்துக்கு மேலாயிற்று. தாங்கியில் எவ்வளவு குறைந்திருக்கும் என்று அன்றைக்கு நான் கணக்குப் பார்க்கவில்லை.

தோழிகளே, உங்கள் வீட்டிலும் ஒருநாள் குளியலறை கட்டவோ திருத்தவோ செய்வார்கள். அப்போது, “இது ஆம்பிளைகளின்ர வேலை” என்று ஒதுங்கிவிடாதீர்கள். அளவு நாடாவை எடுத்துக்கொள்ளுங்கள். தாங்கியின் உயரத்தை அளவுங்கள். வீட்டில் ஆக மூத்தவரின் மணிக்கட்டு எங்கே வருகிறது என்று அளவுங்கள். கடையில் மினுங்குவதைப் பார்க்கும் முன், அந்த அறைக்குள் தனியாகப் போகப் பயப்படுகிறவர் யார் என்று வீட்டில் கேளுங்கள். பட்டியலை அவரிலிருந்து எழுதத் தொடங்குங்கள்.